நேர்ந்துவிட்ட ஜெர்மன் சேவல்

மகனுக்கு,

முட்டைப் பெட்டியைக் கப்பலில் தரையில் வைக்காதே. கீழே இயந்திரம் ஓடும் அதிர்வு தரை வழியாக ஏறி முட்டைக்கு உள்ளே போய்விடும். மடியில் வைத்திரு, இல்லாவிட்டால் படுக்கையில் உடுப்புகளுக்கு நடுவில் வை. கூர்முனை கீழே, மொத்தமான முனை மேலே. ஜெனோவாவில் ரயில் ஏறும்போது சூட்கேசோடு சேர்த்து மேல்தட்டில் எறிந்துவிடாதே. வெயில் படக்கூடாது, குளிர்பெட்டியும் கூடாது. ஹம்பேர்க்கில் சினியோராவின் தங்கை மகள் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் அசையாமல் இருக்கவிட்டுத்தான் அடைவைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நீ ஒருமுறை சொல்.

இந்தப் பெட்டியை நான் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நீ சிரித்தாய். "அம்மா, ஜெர்மனியில முட்டை விக்கிறேல்லையோ? கலியாண மாப்பிள்ளை முட்டை காவிக்கொண்டு போய் இறங்கினால் பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" என்றாய். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் "கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன். கேட்டவுடன் பதில் சொல்லும் ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். இங்குள்ள நமது தமிழ் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, பிள்ளைகளிடம் சொல்ல நினைப்பதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கும் இதையே கொடுக்கப் போகிறேன். உன் பெயரை எழுதவில்லை. உன் சிநேகிதர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள், அதை நீ பொறுத்துக்கொள்.

இவை சாதாரண முட்டைகள் இல்லை. ஃபோர்வெர்க் என்ற ஜெர்மன் கோழியின் முட்டைகள். அந்தக் கோழிகளை நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய்: உடம்பு மங்கல் மஞ்சள், கழுத்தும் வாலும் கறுப்பு, கால்கள் சாம்பல் நீலம். ஹம்பேர்க் பக்கத்தில் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னர் உண்டாக்கிய இனம். வெள்ளைக் கோழி அழுக்காகத் தெரியும் என்பதற்காக மஞ்சளாக வளர்த்தெடுத்தார்களாம். முட்டைக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும். இரண்டிலும் முதலிடம் கிடையாது. முட்டைக்கென்று ஒரு கோழி, இறைச்சிக்கென்று ஒரு கோழி என்று பண்ணைகள் பிரித்துக்கொண்ட பிறகு இரண்டுக்கும் ஆகிற கோழி எவருக்கும் வேண்டாததாகப் போய்விட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அதன் சொந்த ஊரிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்ததாம். அப்படிப்பட்ட ஒரு கூட்டம் இங்கே சிசிலித் தீவில், மொண்டெல்லோவில், மலையடிவாரத்தில், ஒரு கிழவியின் எலுமிச்சைத் தோட்டத்தில் இருப்பது பலேர்மோவில் அநேகமாக யாருக்கும் தெரியாது.

அந்தக் கிழவிதான் நம் சினியோரா. அவரிடம் நான் வீட்டு வேலைக்குச் சேர்ந்தது இங்கே வந்த முதல் வருடம். ஹம்பேர்க்கில் பிறந்து, சிசிலிக்காரரைக் கட்டி இங்கே வந்து, அவர் இறந்த பிறகும் திரும்பிப் போகாமல் இருந்தவர். முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, "கோழிக்குப் பயமா?" என்று கேட்டார். நான் விலங்கியல் படித்தவள், ஊரில் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிப்பித்தேன் என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். "அது கோழிகளுக்குத் தெரியாதே. பயமா, இல்லையா?" என்றார். பயமில்லை என்றேன். வேலை கிடைத்தது. நான் முன்பு துடைத்த வீடுகளில் எல்லோரும் என்னை 'நீ' என்றே கூப்பிட்டார்கள். இவர் மட்டும் முதல் நாளிலிருந்து 'நீங்கள்'. நானும் அவரும் அதிகம் கதைப்பதில்லை. கோழிகளைப் பற்றித்தான் கதைப்போம், அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

இனி நீ வந்த வருடத்துக்கு வருகிறேன். அந்தப் பங்குனியில், பட்டப்பகலில், சினியோராவின் தோட்டத்தில் நரி புகுந்தது. எப்போதும் அவர் இரண்டு வளர்ந்த சேவல்களை வெவ்வேறு கூடுகளில் வைத்திருப்பார், ஒன்றுக்கு ஏதும் ஆனால் மற்றது இருக்கட்டும் என்று. நரி அந்த இரண்டாவதையும், இளம் சேவல்கள் அத்தனையையும் கொன்றுபோட்டது. பேடுகளோடு திரிந்த பெரிய சேவல் ஒன்றுதான் மிஞ்சியது. சிசிலியில் அந்த இனத்தில் வேறு சேவல் கிடையாது. அந்தக் காலத்தில் தங்கை மகளிடமும் இல்லை. முட்டைகளைச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்போம் என்று சினியோரா தீர்மானித்தார். அவருடைய பழைய மின்சாரப் பொரிப்பானைத் திருத்தக் கொடுத்திருந்தார். திருத்துகிறவர் பலேர்மோக்காரர். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்க்கொண்டிருந்தது.

அதே பங்குனியில்தான் நீ கொழும்பிலிருந்து புறப்பட்டாய். உனக்குப் பதினேழு வயது. முறைப்படி கூப்பிடப் பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, சரிவரவில்லை, உன்னை அங்கே வைத்திருக்கவும் பயம், ஆகவே களவாக ஆட்களைக் கொண்டுவருகிற ஏஜென்சிக்காரனிடம் விட்டோம். மொஸ்கோவிலிருந்து ஒருமுறை கதைத்தாய், குளிர் என்றாய். அதற்குப் பிறகு சத்தமில்லை. ஏஜென்சிக்காரன் "பெடியன் வருவான், யோசிக்காதேங்கோ" என்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனும் தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டான். அப்பா மொண்டெல்லோவில் றெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை. வேலை முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டார். பலேர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவார். நம் ஆட்களில் வேதக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சைவக்காரரும் அங்கே ஏறுவது உனக்குத் தெரியும். "முருகனும் மலையிலதான் இருக்கிறான், இவவும் மலையிலதான் இருக்கிறா. என்ன வித்தியாசம்?" என்பார். நான் ஏறவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை சின்ன வயதிலிருந்தே கிடையாது. சினியோராவின் குசினியில் தொங்கிய செப்புப் பாத்திரங்களை இறக்கி மினுக்கினேன். மறுநாள் திரும்பவும் இறக்கி மினுக்கினேன். சினியோரா பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

சித்திரை கடைசியில் ஒரு சனிக்கிழமை, இத்தாலியின் வட எல்லையில், திரியெஸ்தே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. முதலில் ஒரு நேர்ஸ் கதைத்தாள், பிறகு நீ. "அம்மா, நான்தான்" என்றாய். அதற்குமேல் இருமல். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா, காய்ச்சல் இறங்கவில்லை, பெற்றோரில் ஒருவர் வருவது நல்லது என்று நேர்ஸ் சொன்னாள். மறுநாள் பின்னேர ரயிலில் அப்பா போவதென்று முடிவெடுத்தோம்.

மறுநாள் விடிய நான் எழும்பியபோது அவர் சீசாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இல்லை. மத்தியானம் போல் வந்தார். கால் வெறுங்கால், கையெல்லாம் கீறல், சட்டையில் ஒரு மஞ்சள் இறகு. நான் அவருடைய பையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"விடியவே எங்கையப்பா போனனீங்கள்?"

"மலைக்கு. நேத்தி வைச்சனான். செய்துபோட்டு வாறன்."

"என்ன நேத்தி?"

"பிள்ளை இந்த நாட்டு மண்ணில கால் வைச்சால் ஒரு சேவல் விடுறன் எண்டு. கால் வைச்சிட்டான்தானே."

"சேவல் எங்கை வாங்கினனீங்கள்?"

"வாங்கின சேவல் நேத்திக்கு ஆகுமே? வீட்டில தீன் போட்டு வளத்ததைத்தான் விடவேணும். உமக்குத் தெரியாததே?"

"சீசாவில, மூண்டாம் மாடியில, எங்கட வீட்டில கோழி ஏதப்பா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், விளங்காதவளைப் பார்ப்பது போல. "நீர்தானே மூண்டு வரியமா உம்மட கையால தீன் போடுறீர். எங்கட வீட்டுக் கையால வளந்தது வேற எது இருக்கு?"

நான் பை அடுக்குவதை நிறுத்தினேன். "அது சினியோராவின்ர சேவல்."

"ஓம். சும்மா எடுக்கேல்லை. ஒண்டுக்கு ரெண்டு விட்டிட்டுத்தான் வந்தனான். நேற்றுப் பலாரோச் சந்தையில வாங்கின வெள்ளைச் சேவல். நல்ல கொழுத்தது. மனிசிக்கு லாபம்தான்."

"ஐயோ, இருந்தது அது ஒண்டுதான். மற்றதை எல்லாம் நரி பிடிச்சிட்டுது. போய்த் திருப்பிக் கொண்டுவாங்கோ."

"நேந்து விட்டதைத் திருப்பி எடுக்கிறதோ? பிள்ளை அங்கை மூச்சு விடேலாமல் கிடக்கிறான். நீர் என்ன கதை கதைக்கிறீர்?"

உன் அப்பாவைத் திருடன் என்று நினைக்காதே. அவருடைய கணக்கில் அது சுத்தமான கொடுக்கல் வாங்கல். ஊரில் அப்படித்தான்: நேர்த்திக்கு விடுகிற சேவல் வீட்டு முற்றத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், அதிலும் நல்லதாக இருக்க வேண்டும், காலில் மஞ்சள் நூல் கட்டிக் கோயிலில் விட வேண்டும். இந்த நாட்டில் எங்கள் கை தீன் போட்ட சேவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்தார், பதிலுக்கு இரண்டு வைத்தார். கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கேட்டால் அந்த மனிசி மாட்டேன் என்று சொல்லிவிடுவாவோ என்று பயந்தேன் என்று பல மாதங்களுக்குப் பிறகு சொன்னார்.

அவரை ரயில் ஏற்றிவிட்டு நேரே மொண்டெல்லோவுக்கு பஸ் எடுத்தேன். சினியோரா கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். உள்ளே இரண்டு வெள்ளைச் சேவல்கள் எங்கள் பேடுகளுக்கு நடுவில் திமிராக நடந்துகொண்டிருந்தன.

"யாரோ எனக்குப் பரிசு விட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார். "திருடன் பதிலுக்கு எதையும் வைத்துவிட்டுப் போகமாட்டான். இது யாரோ நல்ல மனிதன் செய்த வேலை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. அவர் வேலை எழுதித் தந்திருந்த ஒப்பந்தத்தில்தான் என் பெர்மெசோ இருந்தது. வருகிற உன்னைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் பதியக் கூட்டிப்போவதும் அந்த ஒரு காகிதத்தோடுதான். அது தெரிந்தும் சொன்னேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. கூட்டுக்குள் வெள்ளைச் சேவல் நிற்கும்போது வேறு எதைச் சொல்லலாம்?

அவர் சத்தம் போடவில்லை. "மகனுக்குக் காய்ச்சல் எப்படி?" என்று கேட்டார். இறங்கவில்லை என்றேன். பிறகு, "நாளை மலைக்குப் போய் விளக்கிச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். புனிதைக்கு வேறு சேவல் கொடுக்கலாம். எனக்கு வேறு சேவல் இல்லை" என்றார். அது நியாயம் என்று நினைத்தேன். வெள்ளைச் சேவல்களைப் பிடித்து வேறு கூட்டில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கள் காலை ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போனேன். ஏறுவதற்கு முன் தெருமுனைத் தொலைபேசியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். அப்பா இன்னும் போய்ச் சேரவில்லை. காய்ச்சல் அப்படியே இருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறோம், பார்ப்போம் என்றார்கள். மேலே கோயில் வாசலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரியும் செபமாலையும் விற்கும் ஒரு கடை. கடைக்குப் பின்னால், கம்பிவலைக்குள், கடைக்காரரின் ஊர்க்கோழிகளோடு எங்கள் சேவல் நின்றது. காலில் மஞ்சள் நூல். கடைக்காரர் என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். அவருடைய சிசிலியப் பேச்சை நம் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"நீங்கள் அந்தச் சேவல்காரற்ற மனிசியோ? மதோன்னா மியா! நேற்று விடியக் கதவு திறக்க முந்தி வந்து நிக்கிறார், கையில சேவல். கோயில் ஆக்கள் சொல்லுகினம், சந்தா ரொசாலியா மெழுகுதிரிதான் வாங்குவா, கோழி வாங்கமாட்டா எண்டு. அந்தாள் கேட்டால்தானே! நிலத்தில குந்தியிருந்து அழத் தொடங்கிட்டார். சேவலும் அழுகுது, அவரும் அழுகிறார், பூசைக்கு வந்த சனம் எல்லாம் பாக்குது. நான் என்ன செய்ய? சரி, தா, நான் புனிதைக்காக வைச்சிருக்கிறன் எண்டு வாங்கிப்போட்டன்."

"அது வேற ஆளின்ர சேவல்" என்றேன்.

"அப்பிடியெண்டால் எடுங்கோ. எனக்கென்ன? என்ர பேடுகள்தான் கவலைப்படும்." வலையைத் திறந்து, சேவலைச் செட்டையோடு அமுக்கிப் பிடித்து என் முன்னால் நீட்டினார். நான் பையை விரித்தேன்.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை உனக்கு ஒழுங்காக விளக்க என்னால் முடியாது, நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிமோனியா கிருமியால் வருவது. மருந்து கிருமியைக் கொல்லும், அல்லது கொல்லாது. பலேர்மோவில் ஒரு சேவல் மலையில் நிற்கிறதா, தோட்டத்தில் நிற்கிறதா என்பது திரியெஸ்தேயில் ஒரு நுரையீரலுக்குத் தெரியாது. இதை நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நான் கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருப்பேன், ஒரு பிள்ளையும் சந்தேகம் கேட்டிருக்காது. அன்று காலையும் அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் கை நீளவில்லை. கடைக்காரர் சேவலைப் பிடித்தபடி நின்றார். சேவல் என்னைத் தெரிந்துகொண்டு தீன் கேட்கும் சத்தம் போட்டது. நான் பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்றேன்.

"அம்மா தாயே, நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான்" என்றார் அவர்.

மலையடிவாரத்தில் இறங்கி நேரே சினியோராவிடம் போனேன்.

"கண்டீர்களா?"

"கண்டேன்."

"எங்கே?"

"அங்கேதான் நிற்கிறது. கொண்டுவரவில்லை."

"தரமாட்டேன் என்றார்களா?"

"தந்தார்கள். நான் எடுக்கவில்லை."

சினியோரா என்னை நீண்ட நேரம் பார்த்தார். "நீங்கள் இதையெல்லாம் நம்பாதவர் என்று நினைத்தேன்."

"நம்பவில்லை" என்றேன்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். என் செருப்பு எந்த வாசலில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, கைத்தடியை எடுத்து, கூட்டுப் பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பி, "பேடுகள் அவனோடு கடைசியாக இருந்தது எப்போது?" என்று கேட்டார்.

"ஞாயிறு விடியும் வரை."

"அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. படித்த ஆள்தானே நீங்கள், நான் சொல்லத் தேவையில்லையே. ஏன் நிற்கிறீர்கள்?"

சேவல் போன பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் பேடு இடுகிற முட்டையில் கரு இருக்கும். பேட்டின் உடம்பு அதைச் சேமித்து வைத்திருக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறந்துபோயிருந்தேன். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். உன் அப்பா லாபமென்று விட்டுப்போன வெள்ளைச் சேவல்கள் ஒரு பகல் முழுவதும் அந்தப் பேடுகளோடு இருந்திருக்கின்றன. எந்த முட்டை யாருடையது என்று எவரும் சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டு போனதைவிடப் பதிலுக்கு வைத்துவிட்டுப் போனதுதான் பெரிய கரைச்சலாகிவிட்டது. சினியோரா அன்றைக்கே திருத்துகிறவருக்குத் தொலைபேசி எடுத்து ஜெர்மன் மொழியில் ஏசினார். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனால் பின்னேரம் பொரிப்பான் வந்து சேர்ந்தது. கூட்டில் இருந்த முட்டைகளையும் அதன் பிறகு வந்தவற்றையும் அதில் அடுக்கினோம். நான் காலையிலும் பின்னேரத்திலும் திருப்பி வைத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். முட்டைகளை விளக்குக்கு எதிரே பிடித்து நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்போம். சினியோராவுக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கண் தெரியாது, நான் "ஓடுது" என்று சொன்னால் நம்புவார்.

புதன்கிழமை அப்பா திரியெஸ்தேயிலிருந்து எடுத்தார். காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது என்றார். "பாத்தீரே?" என்றார். மாற்றிய மருந்து வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். "ஓம், பாத்தன்" என்றேன். நான் மலைக்குப் போனதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த கிழமையில்தான் குஞ்சுகள் பொரித்தன. உனக்கு ஞாபகம் இருக்கும். எலும்பும் தோலுமாக, அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நீ சினியோராவின் குசினியில் நின்றாய். ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த ஒன்றை அவர் உன் கையில் வைத்தார். "என்னம்மா, இவ்வளவு தூரம் வந்தும் கோழியோ?" என்று என் காதுக்குள் கேட்டாய். என்ன சொன்னான் என்று சினியோரா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளும் அவருக்குப் பயம் இருந்தது. பொரித்த குஞ்சைப் பார்த்து எதுவும் தீர்மானிக்க முடியாது, இறகு முளைக்க வேண்டும். பல கிழமைகள் நானும் அவரும் கூட்டுக்கு முன்னால் இருந்து கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில வெள்ளையாகத் தேறின. சினியோரா அவற்றைக் கைத்தடியால் காட்டி, "உங்கள் கணவருடையவை" என்பார். பிறகு ஒன்றுக்குக் கழுத்தில் கறுப்பு இறங்கியது, அதற்குப் பிறகு இன்னொன்றுக்கு. ஆவணி வரும்போது கறுத்த கழுத்தும் மஞ்சள் உடம்புமாக, கொண்டை சிவந்து, கரகரத்த குரலில் கூவிப் பழகுகிற சேவல்கள் எங்களிடம் இருந்தன. வெள்ளைகள் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின. நீ உடம்பு தேறியது அந்த இறைச்சியில்தான்.

அப்பா நெடுநாள் சினியோராவின் கண்ணில் படாமல் திரிந்தார். கடைசியில் சினியோராவே ஆளனுப்பிக் கூப்பிட்டு, நரி புகுந்த இடத்தைக் காட்டி வேலி அடைக்கச் சொன்னார். வேலை முடிந்ததும் கூட்டின் சாவி ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்தார். "எப்போதும் வரலாம். ஆனால் முதலில் கேளுங்கள்" என்றார். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மலையில் கடைக்காரரின் கோழிகளில் இப்போதும் பாதிக்குக் கறுத்த கழுத்து. அந்தச் சேவலை அவர் ஜெர்மன்காரன் என்று கூப்பிட்டு, கிழமாகிச் சாகும் வரை வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நீ கட்டப்போகிற பெண் விரதம் பிடிக்கிறவள், கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறவள் என்று கேள்விப்பட்டேன். நீ என்னைப் போல. போன கிழமை தொலைபேசியில் அவள் ஏதோ சொல்ல, நீ "அதெல்லாம் சும்மா" என்று சிரித்தது எனக்குக் குசினிக்குள் கேட்டது. சும்மாதான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை அப்படிச் சொல்வதற்கு முன்னால் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேள். உன் அப்பாவிடம் அந்தப் பங்குனி முழுவதும் நான் அதைக் கேட்கவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தபடியால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். நான் பாத்திரம் மினுக்கினேன், அவர் மலை ஏறினார். இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து கதைத்திருந்தால் அவர் சேவலைப் பற்றி என்னிடம் சொல்லியிருப்பார். நான் சினியோராவிடம் கேட்டிருப்பேன், அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. நீ அவளோடு சேர்ந்து நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் ஏறும்போது பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நில், அது போதும். மற்றது, எவருடைய பொருளையும் எடுக்க முன்னர் கேள், பதிலுக்கு இரண்டு வைக்கிற எண்ணம் உனக்கு இருந்தாலும். அங்கே நீ புது ஆள். உன் கணக்கு அவர்களுக்குத் தெரியாது.

இந்த முறை நாங்கள் கேட்டோம். தங்கை மகளின் கோழிகள் தங்களுக்குள்ளேயே இணைந்து இரத்தம் நெருங்கிவிட்டது, ஃபோர்வெர்க் முட்டை அனுப்பவேணும் என்று சினியோரா சொல்லிக்கொண்டிருந்தார். நீ போகிறாய் என்றதும் உன் கையில் கொடுத்துவிடத் தீர்மானித்தார். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, கதிரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை. அப்பா கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "என்னப்பா, திரும்பவும் நேந்திட்டீங்களோ?" என்றேன். "பெடியன் ரெண்டாயிரம் மைல் போறான்" என்றார், தூரத்தை எங்கே கணக்குப் போட்டாரோ தெரியாது. நான்தான் உள்ளே போய் சினியோராவிடம், உபரிச் சேவல்களில் ஒன்று தரமுடியுமா, இன்ன காரியத்துக்கு என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இந்தக் கோழிக்கு முதல் பயன் முட்டை, இரண்டாவது இறைச்சி என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணவர் மூன்றாவது பயனைக் கண்டுபிடித்துவிட்டார்" என்றார். பிறகு, "நல்லதாகப் பார்த்துப் பிடியுங்கள், மெலிந்ததைக் கொடுக்காதீர்கள்" என்றார்.

நானே பிடித்தேன். கழுத்து நல்ல கறுப்பு, கால் நேராக இருக்கிறது, குரலும் பெரிது. மஞ்சள் நூலை அப்பா கட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். நேர்த்தி நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்ய வேண்டும், அதுவரை சேவல் எங்கள் வீட்டுத் தீன் தின்ன வேண்டுமாம். ஆகவே நாளைக்கு நாங்கள் உன்னைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மொண்டெல்லோவுக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வருவோம். மூன்றாம் மாடிப் பால்கனியில், உடுப்புக் காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே கட்டிவைக்கப் போகிறோம். கீழ்வீட்டு மனிசி இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறா. அது விடியற்காலை நாலு மணிக்கே கூவத் தொடங்கிவிடும்.

நீ ஒரு இடத்துக்குப் போனால் போன் எடுக்க மறக்கிற ஆள். அப்பா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பார், நானும் இருப்பேன். ஹம்பேர்க்கில் இறங்கி, முட்டைப் பெட்டியைக் கொடுத்தவுடன், பொம்பிளை வீட்டுக்குப் போக முன்னர், ஸ்டேஷனிலிருந்தே எடு. நீ எடுக்கும் வரை சீசாவில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

அம்மா